மேல் மூன்று வரிசை

ஜூலை 2, புதன்

இந்த நோட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் முதலாளியம்மா சிஞ்ஞோரா ஒர்னெல்லா கொடுத்தது. நீல அட்டை, நூறு பக்கம். மேல் திராட்சைத் தோட்டத்தில் வெயில் எப்படி, காற்று எப்படி, என்ன வேலை நடந்தது என்று தினமும் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து வாசித்துக் காட்ட வேண்டும். அவருடைய அப்பா எழுதினார். அவருக்குப் பிறகு இவர் நாற்பது வருஷம் எழுதினார். போன மாதம் ஆறாவது கொடி வரிசையில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் இந்த வருஷம் அந்தப் பாக்கியம் எனக்கு.

"எனக்கு இத்தாலியன் எழுத வராதுங்க சிஞ்ஞோரா."

"பேசவும்தான் வரல. உன் பாஷையில எழுது. வாசிக்கும்போது வாயால சொல்லு."

அவர் பேசுவதை நான் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதப்போகிறேன். இத்தாலியனை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் நாளைக்கு எனக்கே புரியாது.

என் பெயர் சன்னாசி. வயது ஐம்பத்தொன்று. ஊர் கம்பம் பக்கம். திராட்சைப் பந்தலுக்குக் கீழே தூளியில் கிடந்து வளர்ந்தவன். ஆறு வருஷமாக இத்தாலியில் இந்தக் குன்றில் வேலை. குடிப்பதில்லை. அதனால் எனக்குத் திராட்சை தெரியும், ஒயின் தெரியாது. சிஞ்ஞோராவுக்கு இது தீராத வேடிக்கை. வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொல்லிச் சிரிப்பார்.

வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். அவருடைய தம்பி மகன் ரென்ஸோ, மேல் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டு ஹேசல்நட் மரம் வைக்கலாம் என்கிறான். சாக்லேட்டில் போடுவார்களே, அந்தக் கொட்டை. திராட்சையைக் கீழே சமநிலத்தில் சொட்டுநீர் போட்டு வளர்க்கலாமாம். "எல்லாம் ஒரே செடிதானே அத்தை, மேல என்ன, கீழ என்ன?" என்று கேட்கிறான். கெட்டவன் இல்லை. அத்தை மறுபடி விழுந்துவிடுவாரோ என்று பயம். இந்த வருஷத்து ஒயினைக் குடித்துப் பார்த்துவிட்டு நவம்பரில் முடிவு சொல்கிறேன் என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டார். அதுவரை மேலே பதினோரு வரிசையும் என் கையில்.

ஜூலை 3, வியாழன்

வெயில். ஆறாவது வரிசையில் சிஞ்ஞோராவின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கழுவி வைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

முதல் வாசிப்பு. "செருப்பையும் எழுதியிருக்கியா!" என்று நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார். சந்தோஷம்தான். ஆனால் காற்றை எழுதாமல் விட்டதற்குத் திட்டு விழுந்தது. காற்று வந்தால்தானே எழுத முடியும்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். சாயங்காலம் மேற்கிலிருந்து லேசாகக் காற்று. எழுதிவிட்டேன், சிஞ்ஞோரா.

மேல் தோட்டத்து மண்ணைப் பற்றியும் எழுதச் சொல்லியிருக்கிறார். அது வெள்ளை மண். கையில் எடுத்தால் ரஸ்க் மாதிரிப் பொடிகிறது. நாலு விரல் தோண்டினால் பாறை. கொடிக்கு வயது அறுபது, தடிமன் என் மணிக்கட்டு அளவு. எங்கள் ஊரில் நாலு வருஷத்துக் கொடி இதைவிடப் பருமனாக இருக்கும். பூமி தென்மேற்கே பார்த்துச் சரிந்திருப்பதால் நாள் முழுக்க வெயில் விழுகிறது. குளிர்காலத்தில் ஊரிலேயே முதலில் பனி உருகுவது இங்கேதான். தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. எரு பேருக்கு ஒரு கை. வேர், பாறை இடுக்கில் எட்டு மீட்டர் இறங்கித் தண்ணீரைத் தேடிக் குடிக்கிறது என்று சிஞ்ஞோரா பெருமையாகச் சொல்வார்.

கீழ்த் தோட்டத்தில் கறுப்பு மண், ஈரம். கொடி மாப்பிள்ளை மாதிரிக் கொழுகொழுவென்று இருக்கிறது. பழமும் பெரிசு. ஆனால் அந்த ஒயின் பிளாஸ்டிக் கேனில் போகிறது. எலும்பும் தோலுமான மேல் கொடியின் ஒயின்தான் அவருடைய அப்பா பெயர் போட்ட பாட்டிலில் போகிறது. பட்டினி போட்டவனுக்கு மாலை, சோறு போட்டவனுக்குக் கேன். ஆறு வருஷமாக எனக்கு இது விளங்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

வாசித்து முடித்ததும் உத்தரவு போட்டார். நாளைக்கு ஆரம்பித்து, மேலே ஒவ்வொரு கொடியிலும் பாதிக் கொத்தை வெட்டிக் கீழே போட வேண்டும். வருஷா வருஷம் இதை அவர் தன் கையால் செய்வார். எனக்குக் கீழ்த் தோட்டத்தில் வேலை கொடுத்து அனுப்பிவிடுவார். காய் விழும்போது என் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காதாம்.

"பாதி போனாத்தான் மிச்சப் பாதிக்கு ருசி ஏறும். கணக்குப் பாக்காம வெட்டு, சன்னா. மனசுக்குக் கஷ்டமா இருந்தாப் பாட்டுப் பாடிக்கிட்டு வெட்டு."

ஜூலை 30, புதன்

வெயில். மூன்று நாளாக வெட்டு.

எட்டு வரிசை முடிந்தது. கீழிருந்து மேலே வெட்டிக்கொண்டே போனேன். பச்சைக் கொத்துகள் வெள்ளை மண்ணில் விழுந்து கிடப்பதைப் பார்க்காமல் இருக்க, திரும்பியே பார்க்கவில்லை. பாட்டும் பாடினேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்கும்போது அவற்றின் மேலேதான் நடந்து வர வேண்டியிருந்தது. காலடியில் நெறுநெறுவென்று சத்தம். எங்கள் ஊரில் ஒரு கொத்து உதிர்ந்தால் வேலையாளைக் கூப்பிட்டு வைவோம். நானே வைதிருக்கிறேன். பெத்த பிள்ளையைப் போலப் பார்க்க வேண்டும் என்று புத்தி சொல்லியிருக்கிறேன். அந்த வாயால் பாட்டு வேறு.

ஒன்பதாவது வரிசையில் முதல் கொடி. கத்தரியை வைத்தேன். கை அழுத்தவில்லை. பசிக் கிறக்கம் என்று நினைத்து ரொட்டி தின்றுவிட்டு வந்தேன். அப்போதும் அழுத்தவில்லை. சரி, மேல் மூன்று வரிசை. ஒன்பது, பத்து, பதினொன்று. உச்சியில் இருக்கிறது, கீழிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. மூன்று வரிசையில் கூடுதலாகக் காய்த்தால் யார் குடி முழுகிவிடும்? நல்லதுதானே. சிஞ்ஞோரா சொல்வது எல்லாம் வேதமா? இந்தப் பொம்பளைக்குக் கொடியிடம் இரக்கமே இல்லை. கஞ்சத்தனம், பிடிவாதம், நினைத்ததைச் சாதிக்கிற குணம். ஆனால் நான் முதல் வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் சூப் கொண்டுவந்து ஊட்டியதும் இதே பொம்பளைதான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

விட்டுவிட்டேன். மூன்று வரிசை அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

"புதன்: வெயில். வேலை முடிந்தது" என்று வாசித்தேன். சிஞ்ஞோரா பக்கத்தை எட்டிப் பார்த்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். மாத்திரைக் கணக்காக இருக்கும்.

வெளியே வரும்போது ரென்ஸோ வேடிக்கையாக என் நோட்டு மேல் செல்போனைக் காட்டினான். இப்போது போன் எல்லாப் பாஷையும் படிக்கிறதாம். நோட்டை மூடப் போனேன், அவன் பிடித்துக்கொண்டான். போன் படித்துச் சொன்னது: "அமைச்சர் ஆட்டுக்கு வாழ்த்துச் சொல்கிறார்." ஐந்தாம் வகுப்பில் என் கையெழுத்தைப் பிரம்படி கொடுத்தும் திருத்த முடியாமல் போன வாத்தியார் நன்றாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில். மழை பெய்து முப்பத்தொரு நாள் ஆகிறது.

காய் வெட்டிய கீழ் எட்டு வரிசையும் கல் மாதிரி நிற்கிறது. மேல் மூன்று வரிசையில் இலை சுருண்டு தொங்குகிறது. பாரம் ஜாஸ்தி, தண்ணீர் இல்லை. பத்தாவது வரிசையில் இலையைத் தொட்டால் அப்பளம்.

போதுமணிக்குப் போன் போட்டேன். என் மனைவி. ஊரில் வீட்டுப் பின்னால் ஒரே ஒரு பன்னீர்த் திராட்சைக் கொடியை வைத்துக்கொண்டு ராஜ்ஜியம் நடத்துகிறாள்.

"ஏங்க, வாடுதுன்னு எனக்குப் போன் பண்ணா நான் இங்கிட்டுருந்து ஊத்தவா முடியும்? தண்ணி விடுங்க."

"விடக்கூடாதும்பாங்க, போது."

"பச்சப்புள்ளைக்குத் தண்ணி தரக்கூடாதுன்னு எந்த ஊருல சட்டம்?"

இலை இப்படித் தொங்குவதை நான் இதற்கு முன் ஒரு வருஷம் பார்த்திருக்கிறேன். அந்த வருஷத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். விடிந்ததும் மருந்தடிக்கும் டேங்க்கை நன்றாகக் கழுவினேன். மேலே போனேன். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. வியர்வை.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில். வியர்வை. கீழ்த் தோட்டத்துக்கு வந்த எருவில் நாலு மூட்டை மீந்தது. வீணாக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வாசிப்பு. "ரெண்டு நாளைக்கு ஒருதரம் வியர்வைன்னு எழுதியிருக்க. உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டு, டாக்டரை எனக்கு நாடி பார்க்கச் சொன்னார். டாக்டர் பார்த்துவிட்டு, எருமை மாதிரி இருக்கிறான் என்றார். சிஞ்ஞோரா குட்டி நோட்டில் எழுதினார். இவ்வளவு நல்ல மனுஷியிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன்.

ஆனால் கொடி நிமிர்ந்துவிட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

பழம் நிறம் ஏறிவிட்டது. கீழ் எட்டு வரிசையில் சின்னச் சின்னக் கறுப்பு முத்து, தோல் தடிப்பு, கடித்தால் வாய் இழுக்கிறது. மேல் மூன்று வரிசையைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொன்றும் கோலிக்குண்டு. போட்டோ எடுத்துப் போதுமணிக்கு அனுப்பினேன். "நம்ம பந்தல்ல காய்ச்ச மாதிரியே இருக்குங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கும்தான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மழை. முந்தாநாள் ஆரம்பித்தது, இன்று மத்தியானம்தான் விட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கீழ் எட்டு வரிசையில் பழம் தலையைச் சிலுப்பிக்கொண்டு நிற்கிறது. அந்தத் தோலுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. சரிவில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிட்டது.

மேல் மூன்று வரிசையில் பழம் வெடித்திருக்கிறது. என் மழையும் வானத்து மழையும் சேர்ந்து, குடித்துக் குடித்து வெடித்திருக்கிறது. குளவி மொய்க்கிறது. வெண்ணெய் திரண்டு வருகையில் தாழி உடைந்த கதை. தாழியை உடைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 10, வெள்ளி

அறுவடை. காலை முழுக்க மூடுபனி, பக்கத்து வரிசை ஆளே தெரியவில்லை. பத்து மணிக்குப் பனி கீழே இறங்கிப் பள்ளத்தாக்கில் பால் மாதிரி நின்றது. நாங்கள் மட்டும் மேலே வெயிலில். கொடி வைக்க ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது.

ரென்ஸோவும் வந்து வெட்டினான். மேல் மூன்று வரிசையை நான் தனியாக வெட்டினேன். அழுகலைக் கழித்துவிட்டு மிச்சத்தை வேறு தொட்டியில் சேர்த்தேன்.

"அது ஏன் தனியா?" என்று கேட்டான் ரென்ஸோ.

"சும்மா" என்றேன். ஐம்பத்தொரு வயதுக்கு அழகான பதில்.

அக்டோபர் 28, செவ்வாய்

இரண்டு தொட்டியும் நுரைத்து அடங்கிவிட்டது. எட்டு வரிசை ஒயின் முந்நூற்றறுபது லிட்டர். மூன்று வரிசை நூற்று நாற்பது. பீப்பாய் ஐந்நூறு லிட்டர். பீப்பாய் தளும்ப நிறைந்திருக்க வேண்டும், காற்று இடைவெளி விட்டால் ஒயின் கெட்டுவிடும். இரண்டையும் கலந்தால் மிகச்சரியாக நிறைகிறது. குழாய் கையில் இருந்தது. நிலவறையில் நான் மட்டும்.

கலப்பதற்கு முன்னால் அது என்ன என்று தெரிய வேண்டாமா? போதுமணிக்குப் போன் போட்டேன். இனி குடிக்க மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்து பத்து வருஷம் ஆகிறது.

"ருசி பாக்குறவங்க முழுங்க மாட்டாங்களாம் போது. வாயில வச்சுட்டுத் துப்பிருவாங்களாம்."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"நீங்க துப்புவீங்களா?"

"துப்புவேன்."

"போனைக் கிட்ட வைங்க. துப்புற சத்தம் எனக்குக் கேக்கணும்."

எட்டு வரிசை ஒயினை முதலில் வைத்தேன். துவர்த்து இழுத்தது. துப்பினேன். அப்புறம்தான் வந்தது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அது போல ஒரு தித்திப்பு, நாக்கின் அடியிலிருந்து ஊறிக்கொண்டே இருந்தது. அந்த வெள்ளை மண்ணை மழைக்கு அப்புறம் மோந்தால் வரும் வாசனையும் இருந்தது. வாயைத் துடைத்த பிறகும் போகவில்லை.

மூன்று வரிசை ஒயினை வைத்தேன். ஒன்றும் இல்லை. பழச்சாறு கரைத்த டம்ளரைக் கழுவிக் குடித்தால் எப்படி இருக்கும், அப்படி.

"என்னங்க, ரெண்டு தடவையும் துப்பிட்டீங்க, சரி. ஏன் அழுகுறீங்க?" என்றாள் போதுமணி.

கலக்கவில்லை. குழாயைச் சுருட்டி மாட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

சிஞ்ஞோரா நேற்று வீடு வந்துவிட்டார். கையில் தடி. இனி சரிவில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமையலறை மேஜையில் அவரும் ரென்ஸோவும் உட்கார்ந்திருந்தார்கள். ரென்ஸோ நாளை ஹேசல்நட் கன்று வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"வாசி" என்றார் சிஞ்ஞோரா.

"இந்த வாரம்..."

"இந்த வாரம் இல்ல." குட்டி நோட்டை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஜூலை முப்பது. பக்கத்துல எழுதியிருந்தது இருபத்துமூணு வரி. நீ வாசிச்சது மூணு வார்த்தை. ஆகஸ்ட் எட்டு, பதினஞ்சு வரி. வாசிச்சது, வெயில். எல்லாத்தையும் எண்ணி வச்சிருக்கேன் சன்னா. ஆஸ்பத்திரியில எனக்கு வேற என்ன வேலை?"

மாத்திரைக் கணக்கு இல்லை. என் கணக்கு.

"முதல்ல உனக்கு இங்க எவளோ கிடைச்சிட்டான்னு நினைச்சேன். காலங்காத்தால சட்டை நனையுது, ரகசியம் வேற. ஊர்ல இருக்கிற உன் பொண்டாட்டிக்காக ஜெபம்கூடப் பண்ணேன். இப்ப வாசி, முழுசா."

வாசித்தேன். முதல் பக்கத்திலிருந்து. கத்தரி அழுத்தாததை, டேங்க்கை, எருவை, வெடித்த பழத்தை. கஞ்சத்தனம் என்று எழுதியிருந்ததையும் விடவில்லை. நான் சொல்லச் சொல்ல ரென்ஸோவின் வாய் திறந்துகொண்டே போனது. சிஞ்ஞோராவின் முகம் சிவந்தது. தடியை எடுத்து மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"அறுபது வருஷமா அந்த வேர் கீழ போய்க்கிட்டிருந்துச்சு! நீ மேல தண்ணியக் காட்டித் திருப்பி வரவச்சிருக்க! ஏன்? ஏன் செஞ்ச?"

எழுத மாட்டேன் என்றிருந்த வருஷத்தைச் சொன்னேன். ஊரில் என் கிணறு வற்றிய வருஷம். நாலு ஏக்கர் பந்தலும் என் கண் முன்னால் இலை சுருண்டு தொங்கியது. கடைசியாக ஊறியது ஒரே ஒரு குடம். அதைக் கொடிக்கு ஊற்றுவதா, குடிப்பதா என்று நானும் போதுமணியும் பார்த்துக்கொண்டே நின்றோம். ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை ஊற்றினோம். கொடி பிழைக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் தெளிவாக இருந்த நாளே இல்லை. அப்படித்தான் அந்தச் சத்தியம் வந்தது.

"மறுபடியும் பாத்துக்கிட்டு நிக்க முடியல சிஞ்ஞோரா" என்றேன்.

சிஞ்ஞோரா தடியைச் சாய்த்து வைத்தார். "ரெண்டையும் கொண்டா" என்றார்.

இரண்டு கிளாஸ். முதலில் அவர் ருசி பார்த்துவிட்டு ரென்ஸோ பக்கம் தள்ளினார். அவன் எட்டு வரிசையைக் குடித்தான். தலையாட்டினான். மூன்று வரிசையைக் குடித்தான். மறுபடி அதைக் குடித்துப் பார்த்தான்.

"இது கீழ்த் தோட்டத்து ஒயின்தானே?"

"இல்லடா. அதே மலை, அதே கொடி, அதே வருஷம். பத்தடி மேல. இவன் தண்ணியும் எருவும் போட்டு வளர்த்தது. நீ கீழ கொண்டுபோய் எப்படி வளர்க்கணும்னியோ, அப்படியே."

ரென்ஸோ இரண்டு கிளாஸையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது வருஷமாக அத்தை வாயால் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. என் பாவம் ஒரு வாயில் ஏற்றிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து, கன்று வேண்டாம் என்று வியாபாரியிடம் சொன்னான். பிறகு என் தோளில் குத்தினான். வலித்தது. நல்ல வலி.

நவம்பர் 6, வியாழன்

குளிர். எட்டு வரிசை ஒயின், சிஞ்ஞோராவின் அப்பா காலத்துச் சின்னப் பீப்பாயிலும் மீதி கண்ணாடி ஜாடியிலும் போயிற்று. பாட்டில் குறையத்தான் செய்யும்.

மூன்று வரிசை ஒயினை வினிகருக்குப் புளிக்க விட்டுவிட்டார். நூற்று நாற்பது லிட்டர், இன்னும் பாதிகூடப் புளிக்கவில்லை. மத்தியானம் என் தட்டில் கீரையை வைத்து அதிலிருந்து இரண்டு சொட்டு ஊற்றி, "சாப்பிடு, இது ஜூலை முப்பது" என்றார். நான் உயிரோடு இருக்கும்வரை தீராது போலிருக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

வெயில். வடக்கிலிருந்து காற்று. மேலே பனி உருகிவிட்டது, கீழே இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

கவாத்து. இந்த வருஷம் உச்சியிலிருந்து கீழே இறங்கி வருகிறேன். பதினொன்று, பத்து, ஒன்பது. ஒவ்வொரு கொடியிலும் ஒரே ஒரு கிளையை விட்டு மற்றதை வெட்டினேன். கை அழுத்தியது. மனசு வலித்தது, ஆனாலும் கை அழுத்தியது. வேர் மறுபடி கீழே போக மூன்று வருஷமாவது ஆகும் என்கிறார் சிஞ்ஞோரா. போகட்டும், நான் இருக்கிறேன்.

அவர் கீழே வரப்பில் தடியோடு நின்று, "இன்னும் கட்டையா வெட்டு!" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் காது கேட்காத மாதிரி இருந்தேன். கட்டையாகத்தான் வெட்டினேன்.

ஒன்பதாவது வரிசை முடிந்து இறங்கியபோது கையில் ஒரு கிளாஸை நீட்டினார். சின்னப் பீப்பாயிலிருந்து எடுத்தது. வாயில் வைத்தேன். துப்புவதற்குத் திரும்பினேன். முன்னால் அந்த வெள்ளைச் சரிவு இருந்தது. துப்ப மனசு வரவில்லை.

சாயங்காலம் போதுமணிக்குப் போன் போட்டு இந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். ஒரு வரியையும் விடவில்லை. "துப்ப மனசு வரவில்லை" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, திட்டுக்குக் காத்திருந்தேன்.

"எத்தனை வாய்?" என்றாள்.

"ஒண்ணுதான்."

"எப்படி இருந்துச்சு?"

"நம்ம கிணத்துல கடைசியா ஊறுச்சே ஒரு குடம். அந்தத் தண்ணி மாதிரி."

அவளும்தான் அதில் ஒரு வாய் குடித்தவள்.

"அப்பச் சரி" என்றாள்.